ஒரே ஒரு தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

நேற்றுக் கச்சேரியில் ஒரு கூத்து. பயப்படாதே, முடிந்துவிட்டது. கேமராக்கள் படம் மட்டும் எடுக்கும். பாட்டை நான் தனியாகப் பதிவு செய்வேன். இரண்டையும் பொருத்த, ஆரம்பத்தில் எல்லாக் கேமராவுக்கும் தெரியும்படி ஒருமுறை கைதட்டுவேன். நேற்று முதல் பாட்டிலேயே என் பதிவுக் கருவி அணைந்து, மறுபடி உயிர்பெற்றுப் புதிதாகப் பதியத் தொடங்கியது. ஆரம்பத்தில் தட்டிய தட்டு வீண்.

இயக்குநர் ஹெட்போன் வழியாக என் காதுக்குள் கத்தினார். "உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் போகும்! என்னம்மா பண்ணப்போறே?"

மறுபடி ஒருமுறை தட்டியாக வேண்டும். பாட்டு முடிந்ததும் கூட்டம் தட்டும். அத்தனை கையில் எதைப் பிடிப்பது? ஆரவாரம் அடங்கிப் பாடகி தண்ணீர் குடித்தபோது மேடை நடுவில் போய் நின்று, ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். ஒரு நொடி நிசப்தம். பிறகு, என்ன நினைத்தார்களோ, மொத்த அரங்கமும் தட்டியது!

"யாருங்க நீங்க?" என்று பாடகி மைக்கிலேயே கேட்டார்.

நல்லவேளை, அவர்கள் தட்டுவதற்கு முன்னாலேயே என் தட்டு தனியாகப் பதிவாகியிருந்தது. பிழைத்தேன்.

நீ உடுத்திப் பழசான துணியில் ஒரு தலையணை உறை தைத்து அனுப்பு. புதுத்துணி வேண்டாம், அதில் உன் வாசம் இருக்காது.

எங்களை ஏற்றிப்போக வந்த வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். இன்னொன்று: வீடியோ அழைப்பில் நீ சிரித்து முடித்த பிறகுதான் எனக்குச் சத்தம் வருகிறது. அடுத்தமுறை பேசுமுன் ஒரு தட்டு தட்டு, அம்மா. மீதியை நான் பொருத்திக்கொள்கிறேன்.

உன் மகள்