மூன்று தரம் ஊற்றிய தண்ணீர்

ஸ்ரீவில்லிபுத்தூர்
12.8.1986

அன்புள்ள முத்தாத்தாள் நர்ஸ் அக்காவுக்கு,

தங்கபாய் எழுதிக்கொண்டது. எனக்குக் காய்ச்சல் விட்டுட்டு. பால் கட்டினதுதான் இன்னும் வேதனை.

அக்கா, ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் பிறந்து அரை மணி நேரம் மட்டும் இருந்துட்டுப் போன என் பிள்ளைக்கு, "சாமியார் வர நேரமில்லை, நீங்களே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுங்க"ன்னு கெஞ்சினேன். பொறவு மயங்கிட்டேன். அவசரத்துக்கு இந்துக்கள் குடுத்தாலும் செல்லுமாம். ஆனா ஊத்தும்போதே, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே"ன்னு முழுசாச் சொல்லியிருக்கணுமாம். சொல்லியிருந்தா பிள்ளை ரோஸ்லின் பேரை மாதா கோயில் புத்தகத்தில் எழுதுவேன்னார் சாமியார். இல்லைன்னா அவ மோட்சத்துக்குப் போனாளான்னு என் மாமியார் கேக்காவ.

சொன்னீங்கதானே அக்கா?

உங்கள் தங்கை போன்ற
தங்கபாய்

ராஜபாளையம்
20.8.1986

அன்பு தங்கபாய்க்கு,

உன் லெட்டர் வந்து ஆறு நாளாச்சு. "சொன்னேன்"னு எழுதி ரெண்டு இன்லண்ட் லெட்டரைக் கிழிச்சுப் போட்டேன். எங்க வீட்டுக்காரர், "ஒரு வார்த்தைதானே, எழுதிப் போடு. அந்தப் பொண்ணு மனசு ஆறட்டும்"ங்கார்.

மூணு தரம் ஊத்தினேன். முதல் தரம் "பிதா"ன்னு சொன்னது நிச்சயம். அதுக்குள்ள பிள்ளை நீலம் பாரிச்சுட்டா. என் வாயில, "ஆண்டாள் தாயே, காப்பாத்து"ன்னுதான் வந்துச்சு. மிச்சத்தைச் சொன்னேனா? காலையில நினைச்சா சொன்ன மாதிரி இருக்கு. மத்தியானம் இல்லைன்னு தோணுது. பொய் எழுதி அவளை உங்க சாமிகிட்ட சேர்த்தா, அது சேர்த்ததாகுமா? நீயே சொல்லு.

முத்தாத்தாள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
5.9.1986

அக்காவுக்கு,

உங்க லெட்டரைச் சாமியார் ரெண்டு தரம் படிச்சார். "நிச்சயமில்லாததை எப்படிம்மா எழுத?"ன்னு திருப்பிக் குடுத்துட்டார். என் வீட்டுக்காரர் ஞானதுரைக்குத்தான் ஆத்திரம். "பொய்யாவது சொல்லியிருக்கலாம்லா அந்த நர்ஸ்!"ன்னு கத்துனாவ. எனக்கு உங்க மேல கோபமா, நன்றியான்னே பிடிபடலை.

ஒண்ணு மட்டும் எழுதுங்க. அவ கண்ணைத் திறந்தாளா?

தங்கபாய்

ராஜபாளையம்
10.9.1986

தங்கபாய்,

திறந்தா. ஒரே ஒரு தரம். தண்ணி பட்டதும் உதட்டைச் சப்புனா. கடைசி வரை என் கைக்குள்ளதான் இருந்தா. நீ சொன்ன பேரைத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

முத்தாத்தாள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
25.10.1986

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகத்தில் பேர் ஏறலை. அவ எங்க இருக்கான்னு இன்னும் எனக்கு விளங்கலை. உங்க கடைசி லெட்டரை என் வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு எழும்பிப் போயிட்டாவ.

நவம்பர் ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாள். வீட்டுல ஆளுக்கொண்ணு ரோஸ்லினுக்கு மெழுகுவர்த்தி ஏத்தணும். நேத்து இவிய மெழுகுவர்த்தி வாங்கியாந்தாவ. எண்ணினேன், ஒண்ணு கூடுதலா இருந்துச்சு.

"இது யாருக்கு?"ன்னேன்.

"நர்ஸ் அக்கா வருவாவல்லா?"ன்னாவ.

வருவீங்களா?

தங்கபாய்