எந்த மலைக்கு முதலில்

மே 30, 1999
வேலை இருக்கிற நாளெல்லாம் கரண்ட் போகும். இன்று மாவு மில்லுக்கு லீவு, நாள் பூரா இருக்குது. பக்கத்து வீட்டு ஆமினா பீவி டிவி பார்க்க வந்தாங்க. கார்கில்தான் காட்டறான். "உங்க பெரிய பையனும் சண்டை போடறாருங்களா?"ன்னு கேட்டாங்க.

மலை மேல் இருப்பது சின்னவன் பாலு. பெரியவன் அழகிரி மேஜர், கீழே ஒரு ரூமில் இருக்கான். மிலிட்டரிக்காரனும் ஏர்ஃபோர்ஸ்காரனும் ஒரே மேசையாம். மலையில் இருக்கிறவங்களுக்கு என்ன வேணும்னு இவன் சொல்லணும். எந்த ஹெலிகாப்டர் போகமுடியும்னு அவங்க சொல்வாங்க. கேட்கிறவங்க நிறைய, இருக்கிறது கொஞ்சம். எந்த மலைக்கு முதலில் என்று சேர்ந்து முடிவு பண்ணணும். போன லீவில் டம்ளரையும் கரண்டியையும் வெச்சு விளக்கினான். பாலு, படவா, கரண்டியைத் தூக்கி ரசத்தில் போட்டுட்டான். சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சது.

அண்ணன் அங்கே இருக்கான். தம்பியைப் பார்த்துக்குவான்.

ஜூன் 16
பாலு போயிட்டான்.

ஜூன் 19
பீளமேடு ஏர்போர்ட்டில் பெட்டியை இறக்கினாங்க. அழகிரி கூடவே வந்தான். வயித்தில் குண்டு பட்டு மத்தியானம் வரைக்கும் உயிரோட இருந்திருக்கான் என் தங்கம். ஹெலிகாப்டர் போகலை. மேகம் மூடிருச்சாம்.

சூலூரிலிருந்து ஏர்ஃபோர்ஸ் ஆபீசர் ஒருத்தர் மாலையோட வந்தார். விட்டேனா? "ஏனுங்க, உங்காளுங்க எதுக்குத்தான் இருக்காங்க? எம் பையனைத் தூக்கிட்டு வர முடியலையா?"ன்னு ஊரே பார்க்கக் கத்திப்போட்டேன். அந்த மனுசன் தலையைக் குனிஞ்சு நின்னார்.

ஜூன் 20
அழகிரி வந்து தரையில் உட்கார்ந்தான். "அவங்களைத் திட்டாதீங்கம்மா. முடிவு என்னுது."

ரெண்டு மலையிலிருந்து கேட்டிருக்காங்க. இருந்தது ஒரே ஹெலிகாப்டர். அந்த மேசையில் கூட இருந்த ஏர்ஃபோர்ஸ்காரரே, "உங்க தம்பி சார், அங்கேயே முதலில் அனுப்பலாம்"னாராம். அந்த இன்னொரு மலையில் மூணு பேர், பாலுவை விட மோசம். அங்கே போகட்டும்னு இவன் சொல்லியிருக்கான். அது திரும்பி வர்றதுக்குள்ள மேகம்.

யார் கேட்டா இவனை? வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா? ஊர்ல இருக்கிற ஏர்ஃபோர்ஸ்காரனை எல்லாம் திட்டிட்டே என் காலத்தை ஓட்டியிருப்பேனே.

"நீயெல்லாம் ஒரு அண்ணனாடா?"ன்னு கேட்டுப்போட்டேன்.

ஜூன் 27
கிளம்பினான். நான் ரூம் கதவைத் திறக்கலை. "போயிட்டு வாரேனுங்கம்மா"ன்னு ரெண்டு தடவை சொன்னான்.

ஜூலை 11
போன் வந்தது. அவன் குரலைக் கேட்டதும் வெச்சுட்டேன்.

ஆகஸ்ட் 8
மறுபடியும் போன். வைக்கத்தான் போனேன். என்னை அறியாம வாயில் வந்துருச்சு: "அந்த மூணு பேரும் பொழைச்சாங்களா?"



"ஒருத்தன்தானுங்கம்மா."

ஒரே ஒருத்தன். இதுக்கா? இதையும் இத்தனை நாள் இவன் தனியாவே வெச்சிருந்தானா?

"அவனுக்கு அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

அழறான். முப்பத்திநாலு வயசு ஆம்பளை, மூச்சு வாங்க வாங்க அழறான். யாரோ பக்கத்தில் வந்துட்டாங்க போல, "சரிங்கம்மா, வெச்சர்றேன்"னான்.

"வெக்காத கண்ணு"ன்னேன்.