நாய்க்கும் ஒரு 'நீங்க'

என்னங்க,

நலம். பொகோட்டா நம் பெங்களூரைவிடக் குளிர், மத்தியானமானால் மழை. டிராஃபிக் மட்டும் ஈஜிபுரா சிக்னலேதான். இவர்களுடைய சோள ரொட்டிக்கு நம் இட்லிப் பொடி நன்றாகச் சேர்கிறது.

நான் இங்கே வந்த முதல் வாரம், வீட்டுக்கார அம்மாள் கூடத்தில் யாரையோ "உள்ளே வாங்க, சாப்பிடுங்க" என்று ஸ்பானிஷில் உபசரித்தார். பெரியவர் யாரோ வந்திருக்கிறார் என்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ஓடினேன். நின்றது அவருடைய நாய்! இந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டியை, அம்மா மகளை, ஏன், நாயைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சிரித்துக்கொண்டே அறைக்கு வந்தால் உங்கள் வாய்ஸ் மெசேஜ்: "ஏய், போன் எடுக்க மாட்டியாடி?"

சிரிப்பு நின்றுவிட்டது.

ஆபீஸ் வேலையாக வந்த ஆறு மாதம் முடிந்தது, "டிக்கெட் போட்டியாடி?" என்று நேற்றும் கேட்டிருந்தீர்கள். போடவில்லை. இன்னும் இரண்டு வருடம் இங்கேயே வேலை பார்க்கிறேன் என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பன்னிரண்டு வருடமாக உங்களை 'நீங்க' என்றே கூப்பிட்டேன். ஒருநாளும் அது எனக்குத் திரும்பி வரவில்லை. கோபம் வந்தால் போன் பண்ணி, "ஏன் வர மாட்டேங்கறீங்க?" என்று கேள். பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் மனைவி