மினுங்கிய கை

சின்னவளின் அப்பாவுக்கு,

மருந்தடிக்கிறவர்களின் உடம்பில் எவ்வளவு நஞ்சு படுகிறது என்று பார்க்க, கம்பஸ் பிள்ளைகள் வயல் மருந்துக்குள் ஒரு சாயம் கலந்திருக்கிறார்கள். நீல லைற் அடித்தால் அது மினுங்கும்.

பக்கத்து வீட்டு அனோஜனைச் சோதிக்க வந்த பிள்ளை, பொழுதுபட எங்கள் கிணற்றடியிலும் லைற்றைப் பிடித்தாள். வாளிப்பிடி மினுங்கியது.

"இஞ்சயும் மருந்தடிக்கிறவையோ அக்கா?"

"இல்லை. மருந்தடிக்க வேண்டாமெண்டு டொக்டர் மறிச்சாப்பிறகு அவர் முருங்கனில மேசன் வேலை" என்றேன்.

சீமெந்து மினுங்குமோ?

அப்போது சின்னவள் திரும்பினாள். மத்தியானம் சாப்பிட வந்த நீங்கள் தட்டி நித்திரையாக்கிய அவளின் சட்டை முதுகில், ஐந்து விரலும் மினுங்கின.

நாங்கள் அம்மா வீட்டுக்குப் போகிறோம். அவளின் சட்டை கதிரையில் கிடக்கிறது. உங்கள் கையை அதில் வைத்துப் பாருங்கோ.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை நம்பினவள்