பாதி மலையில் ஒரு குக்கர் விசில்

இந்தப் பலாப்பழம் யாருடையது? காலையிலிருந்து யோசிக்கிறேன், பதில் தெரியவில்லை. உனக்கென்று வந்த பழம். அதன் வாசனை என் சமையலறையைத் தாண்டி, நீ குடியிருந்த பக்கத்துப் போர்ஷன் வரை போய்விட்டது.

கொண்டுவந்தவர் நம் மலையிலேயே திண்ணனூர் நாட்டுப் பக்கத்து விவசாயி. சோளக்காட்டுச் சந்தைக்கு வந்தவர், விசாரித்து விசாரித்து நம் வாசலுக்கு வந்துவிட்டார்.

“ஏனுங்க, பஸ் சொல்ற அம்மா ஊடு இதுங்களா?”

“அவங்க தவறிப்போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க.”

“அட, போங்கம்மணி! இன்னிக்குக் காலைலகூட எங்கிட்டப் பேசுனாங்களே.”

அது முன்பே பதிவு செய்த குரல், போன் செய்தால் கணினி எடுத்துப் போடுகிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “கவர்மெண்டு நர்சுதானுங்களே அவங்க? மத்தவங்க உசுரோட இருக்கறப்பவே வேலை பாக்கறதில்லை. இவங்க போயும் பாக்கறாங்க” என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பழத்தைத் திருப்பி எடுத்துப்போக அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இறந்தவர்களுக்கு எழுதுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. நீ இதைப் படிக்கப் போவதில்லை என்றும் தெரியும். ஆனால் நாளைக்குள் நான் ஒரு முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வேலையில் என்னோடு இருந்தவள் நீ ஒருத்திதான்.

தொடங்கியது சோளக்காடு பஸ் நிறுத்தத்தில். மூடுபனி. ஊருக்குப் போக இரண்டு பேரும் பையோடு நின்றோம். பஸ் வருமா, வராதா என்று யாருக்கும் தெரியவில்லை. “கம்ப்யூட்டர் டீச்சர்னு பேரு. பஸ் எங்க வருதுன்னு சொல்ல ஒரு வழி பண்ண மாட்டியாடி?” என்று நடுங்கிக்கொண்டே கேட்டாய்.

மலையில் எல்லா இடத்திலும் இணையம் கிடைக்காது. மிஸ்டு கால் மட்டும் எப்படியாவது போய்விடும். கிளம்பிவிட்டேன், வந்துவிட்டேன் என்று செலவில்லாமல் சொல்ல இங்கே எல்லோருக்கும் அதுதான் வழி. நாமும் அதையே பிடித்துக்கொண்டோம். அடிவாரத்தில் பஸ் கிளம்பும்போது கண்டக்டர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும் இன்னொன்று. நான் எழுதிய நிரல் அதைக் குறித்துக்கொண்டு, நம் எண்ணை அழைப்பவர்களுக்கு பஸ் எங்கே வருகிறது என்று சொல்லும்.

என் குரலில் பதிவு செய்ய நான் சம்மதிக்கவில்லை. “நல்லது. நீ பேசுனா ஹால் டிக்கெட் வரலைன்னு சொல்ற மாதிரி இருக்கும்” என்றாய். உன் சமையலறையில் போனை பைபிள்மேல் சாய்த்துவைத்து, எதிரொலி வராமலிருக்கத் தலைவரை போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசினாய். “சாமி, பஸ்ஸு பாதி மலை ஏறிருச்சு, மெதுவா கிளம்பி வாங்க” என்று நீ சொல்லும்போது குக்கர் விசில் அடித்தது. மறுபடி எடுக்கலாம் என்றேன். போர்வைக்குள்ளிருந்தே, “இருக்கட்டும்டி, நம்ம சாம்பாரையும் ஊர் கேக்கட்டும்” என்றாய்.

ஊர் அதைக் கண்டக்டரின் விசில் என்று எடுத்துக்கொண்டது. சோளக்காட்டில் இன்று யாராவது “விசில் அடிச்சிருச்சுங்களா?” என்று கேட்டால், பஸ் பாதி மலை வந்துவிட்டதா என்று அர்த்தம். கண்டக்டர்களும் மறுத்துப் பேசுவதில்லை.

இதில் வருமானம் என்று ஒன்று வந்ததே கிடையாது. செலவு என் சம்பளத்தில் போகிறது. நஷ்டம் என்று ஒருமுறை சொன்னேன். “சினிமாவுக்குப் போயிட்டு வந்து நஷ்டம்னு சொல்லுவியா?” என்று மடக்கினாய்.

இப்போது சேலத்தில் ஒரு கம்பெனி இதை விலைக்குக் கேட்கிறது. நல்ல விலைதான். மற்ற மலைகளுக்கும் கொண்டுபோவார்களாம். விளம்பரம் வரும், குரல் மாறும். “முதல்ல அந்த விசில் சத்தத்தை எடுத்துரலாம் மேடம்” என்றார் அங்கிருந்து பேசியவர். எனக்குக் கோபம் வரவில்லை. அன்று நானும் அதைத்தானே சொன்னேன்.

உறுத்துவது வேறு. எனக்கு எங்கும் போக வேண்டியிராத காலைகளில்கூட அந்த எண்ணை அழைத்துக் கேட்கிறேன். அப்படியென்றால் இதை பஸ்ஸுக்காக வைத்திருக்கிறேனா, உன் குரலுக்காகவா? குரலுக்காக மட்டும் என்றால், நான் நடத்துவது சேவையில்லை, நினைவிடம். அதைவிட விற்பதுதான் நேர்மை. வேறு மலைக்காரர்களாவது பனியில் நிற்காமல் இருப்பார்கள். இதை எழுதும் இந்த நேரத்தில் பாதிக்குமேல் விற்கும் பக்கம்தான் இருக்கிறேன்.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் பாதி மலை மிஸ்டு கால் கொடுத்த கண்டக்டர், கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைத்து நேராகவே பேசினார். “டீச்சர், விசிலும் அடிச்சாச்சு, பஸ்ஸும் நின்னாச்சு. மழைல வளைவுல மரம் உழுந்து கெடக்குது. ஜனம் ரோட்டுக்கு வந்துருமுங்க, ஏதாச்சும் சொல்லுங்க.”

உன் பதிவுகள் எல்லாவற்றையும் தேடினேன். மரம் விழும் என்று நீ நினைத்திருக்கவில்லை. அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. நீயோ மழையில் எல்லோரையும் கிளம்பி வரச் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் பதிவை நிறுத்தினேன். கதவைச் சாத்திவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, நானே பேசினேன். “வழியில மரம் விழுந்திருக்குங்க. பஸ் வர நேரமாகும். எல்லாரும் வீட்டுலயே இருங்க.”

மதியத்துக்குமேல் மரத்தை வெட்டி ஒதுக்கியதும் பஸ் வந்தது. சோளக்காட்டில் மிளகு விற்கும் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க டீச்சர், காலைல பேசுனது நீங்களா? நாங்கதான் மரத்தைத் தள்ளிவுட்ட மாதிரி அந்த அதட்டு அதட்டுறீங்க! அடுத்த தடவை கொஞ்சம் சிரிச்சாப்ல பேசுங்க.”

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும்தான். அங்கேயே நின்று சேலத்துக்குப் போன் செய்து, விற்கவில்லை என்று சொன்னேன். ஏன் மேடம் என்று கேட்டார்.

“சாயங்காலம் பதிவு வேலை இருக்குங்க. பஸ் பஞ்சர் ஆனா என்ன சொல்றது, மண்ணு சரிஞ்சா என்ன சொல்றதுன்னு எல்லாம் நானே பேசி வைக்கணும்” என்றேன்.