கெஸியா தேர்ந்தெடுத்த கேமரா

குன்னூரில் கல்யாணப் படம் எடுக்கும் கெஸியா, கேமரா வாங்கக் கோவைக்குக் கிளம்பும் முன் கணவன் ஸ்டெபினுக்கு ஒரு சீட்டு எழுதினாள். "உனக்கு இதெல்லாம் புரியாது" என்று நேற்று கேமரா பற்றிப் பேசும்போது அவன் சொன்னது இன்னும் உறுத்தியது. ஆனாலும் எழுத்து தடுமாறவில்லை.

"ஏனுங்க, தோசை மாவு ஃபிரிட்ஜில் இருக்குது. சட்னி அரைச்சு மூடி வச்சிருக்கேன். வேலைக்குப் போறப்போ ஊட்டுச் சாவியைப் பக்கத்து ஊட்டு ரஞ்சனிகிட்டக் கொடுங்க, கேஸ்காரர் வருவாரு.

நான் நிக்கான்தான் வாங்கப் போறேனுங்க. நீங்க சொன்ன சோனியும் அருமையான கேமராதான். ரெண்டையும் வாடகைக்கு எடுத்து, போன சனிக்கிழமை வெலிங்டன் சர்ச் கல்யாணத்தில் மாத்தி மாத்தி எடுத்துப் பார்த்தேன். குளிரில் விரல் மரத்தப்போ, நிக்கான் பட்டனெல்லாம் பார்க்காமலே கைக்கு வந்துச்சு. பதினோரு வருசப் பழக்கமுங்க. நம்ம பழைய லென்ஸும் அடாப்டர் போட்டா அதில் சேரும். நீங்க மூணு வாரம் கேமரா பத்திப் படிச்சதை நான் குறை சொல்லலை. ஆனா கல்யாணத்தில் நிக்கப் போறது நான்."

கதவு வரை போனவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்: "கோபம் இருக்குதுங்க, கொஞ்சந்தான். முதல் படம் உங்களைத்தான் எடுப்பேன், ஷேவ் பண்ணி வையுங்க."

பஸ் பர்லியாறு தாண்டும்போது ஸ்டெபின் போனில் கூப்பிட்டான்.

"சீட்டைப் பார்த்தேன் கெஸியா. பேட்டரி ரெண்டா வாங்கிக்க. நம்ம ஊர்க் குளிருக்கு ஒண்ணு பத்தாது."