செம்பு செய்த வேலை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

புற்றுநோய்ச் செல்களை ஆய்வகத்தில் நான் உருவாக்கிய மூலக்கூறு கொன்றது என்று பீற்றிக்கொண்டேனே, அதை நன்றாகச் சுத்தம் செய்து மறுபடி சோதித்தோம். ஒன்றுகூடச் சாகவில்லை. தயாரிப்பின்போது சேர்த்த செம்பு அதில் தங்கியிருந்திருக்கிறது. கொன்றது அதுதான், அது நல்ல செல்லையும் விட்டுவைக்காது.

"ஏம்ப்பா கார்ஸ்டன், இதுக்கா இத்தனை வருஷம் மண்டைய உடைச்ச? ஒரு செம்புக் குழாயச் சுரண்டிப் போட்டிருந்தா முடிஞ்சிருக்குமே!" என்றாள் பக்கத்து மேசை ரெனாட்டா. நானும் சிரித்துவைத்தேன்.

என் மருந்து வரட்டும் என்று பக்கத்து வீட்டு ஆர்லிஸ் அத்தை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறாராமே. நாளைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போ, அம்மா. அவரிடம் பேச எனக்கு முகமில்லை.

இங்கே குளிர் தாங்கவில்லை. கையுறை அனுப்பு. எனக்கு நன்றி சொல்ல அத்தை பின்னிக்கொண்டிருக்கும் ஜோடி மட்டும் வேண்டாம்.

அவசரத்தில்,
கார்ஸ்டன்